நாற்பத்தொரு குழிகள்

பார்னி காட்ஸின் வலது முழங்கால் காலை எட்டரைக்கே தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு தேவாலயக் கூரையில் ஓடு மாற்றப் போய், ஓடு மேலேயும் அவன் கீழேயும் நின்ற நாளிலிருந்து அந்த முழங்கால் தனி ஆள் மாதிரிதான் நடந்துகொண்டது. மழைக்கு அரை நாள் முன்பே முனகும். குனிந்தால் திட்டும். எனிட் லார்ட்டரின் ஓட்டை வேனில் மூன்று மைல் போனால் கதறும்.

"எறங்கு," என்றாள் எனிட்.

"முழங்கால் இன்னும் தயாராகலை, அம்மணி."

"நீ எறங்கு. அது பின்னால வரும்."

எனிட் லார்ட்டர் இருபத்திரண்டு வருடம் சர்க்கரை ஆலையில் மூட்டை தைத்தவள். ஆலையை மூடியபோது கிடைத்த பணத்தில், வறுத்த மீன் கடைக்கு மாடியில் ஓர் அறை பிடித்து விசாரணை அலுவலகம் என்று பலகை மாட்டினாள். காணாமல் போன நாய்கள், காணாமல் போக நினைத்த கணவர்கள், இவைதான் பெரும்பாலும் வந்தன. பார்னி உதவியாளன். வாரத்தில் ஆறு நாள் எனிட்டிடம் திட்டு வாங்குவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப் ஆட்களோடு மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடந்து, பழைய நாணயம் தேடி, பழைய ஆணி பொறுக்கி வருவான்.

இன்று வெள்ளிக்கிழமை. ஆனாலும் மெஷினை எடுத்து வரச் சொல்லியிருந்தாள்.

லென் பாஸ்க்கின் வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அதில் ஒரு சுவர்க் கடிகாரம், இரண்டு தலையணை, ஒரு வாணலி. லென் கதவோரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இருபத்தாறு வருஷம்," என்றான். "மொத்தமும் ரெண்டு நடையில முடிஞ்சிரும் போலிருக்கு. கேவலமா இருக்கு, எனிட்."

விஷயம் இதுதான். ரெஜ் கிளாபர்னின் பண்ணையில் லென் ஆடு பார்ப்பவன், வாய்க்கால் வெட்டுபவன். வேலை இருக்கும்வரை வீடு. ரெஜ்ஜின் மனைவி ஜோன், கீழ்ப் புல்வெளி பீட்டுக் கிழங்கு வயலாக இருந்த காலத்தில், அங்கே தன் கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள். முப்பத்தொரு வருடமாகிறது. இந்தப் புதன்கிழமை காலை, கதவில் தபால் போடும் துளை வழியாக அதே மோதிரம் ஒரு பழுப்பு உறையில் வந்து விழுந்தது. உறையில் பெயர் இல்லை. அன்று காலையே கீழ்ப் புல்வெளியில் நாற்பத்தொரு குழிகள் வாயைப் பிளந்து கிடந்தன.

ஜோன் அழுதாள். ரெஜ் கத்தினான். அந்தப் புல்வெளியில் யாரும் மெஷின் வைக்கக் கூடாதென்று அவன் எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்தவன். மெஷின் தூக்குபவர்களை 'பித்தளைப் பைத்தியங்கள்' என்று பெயர் வைத்துக் கூப்பிடுபவன். அன்று மாலை பப்பில், "கீழ்ப் புல்வெளி கேட்டு சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு லென்கிட்ட," என்று மேஜையைக் குத்தினான். லென்னும் கிளப்பில் ஒருத்தன். பப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் உடனே கணக்குப் போட்டார்கள். "அப்புறம் என்னய்யா, அவனை வெளிய அனுப்பு!" என்று ஒருவன் சொன்னான். நாலாவது கிளாஸ் பீரில் இருந்த ரெஜ், "சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணட்டும்!" என்றான். சொன்னது சொன்னதுதான்.

நாளை சனிக்கிழமை.

எனிட்டைக் கூப்பிட்டது ஜோன். மோதிரத்தை எடுத்தவன் யாரென்று தெரிய வேண்டும், அவன் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்றாள். புருஷன் தூக்கில் போடத் தேடுபவனை, பெண்டாட்டி கேக் ஊட்டத் தேடினாள்.

"செவ்வாய்க்கிழமை எங்க இருந்தே, லென்?" என்று கேட்டாள் எனிட்.

"மத்தியானம் பல்லு புடுங்கப் போனேன். சாயங்காலம்தான் வந்தேன். ராத்திரி தூங்கினேன். சாட்சிக்கு அந்தத் தலகாணிதான் இருக்கு, வண்டியில."

"ஆடுங்க?"

"அதுங்களும் தூங்கியிருக்கும்."

"எங்கன்னு கேக்கறேன்."

"மேல் வயல்ல. காலையில கீழதான் மேஞ்சுதுங்க. பல்லு புடுங்கிட்டு வந்து பாத்தா மேல நிக்குதுங்க. ரெண்டு வயலுக்கும் நடுவுல இருக்கற கேட்டு தெறந்து கெடந்து, அதுங்களா போயிருக்கும்னு நெனச்சேன்."

"கேட்டு தெறந்து கெடந்துச்சா?"

லென் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். "இல்லையே. மூடி, கயிறு கட்டியிருந்துச்சு."

எனிட் தலையாட்டினாள். பார்னிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது பேசுவது அவன் பழக்கம்.

"பாசக்காரத் திருடன் போல. தோண்ட வந்த எடத்துல ஆட்டையும் மேய்ச்சிட்டுப் போயிருக்கான்."

"சரியாச் சொன்னே," என்றாள் எனிட். பார்னிக்குப் பயமாகிவிட்டது. அவள் இவனை ஆமோதித்தால் வேலை அதிகமாகும்.

கீழ்ப் புல்வெளி பன்னிரண்டு ஏக்கர். குழிகள் எல்லாம் பழைய கேட்டுக் கல் தூணை ஒட்டிய மூலையில், ஒரு சின்ன வீட்டின் அளவு இடத்தில் இருந்தன. மற்ற இடத்தில் ஒரு புல் கலையவில்லை.

பார்னி முதல் குழியைப் பார்த்ததும் முகம் சுளித்தான். தொழில் தெரிந்தவனுக்கு வரும் சுளிப்பு.

"எங்க ஆளுங்க வேலையே இல்ல இது. நாங்க மூணு பக்கம் வெட்டுவோம், நாலாவது பக்கம் விட்டுருவோம். புல்லைக் கதவு மாதிரி தெறந்து, எடுத்துட்டு, மண்ணைப் போட்டு மூடி, மேல ஒரு மிதி. ரெண்டு வாரத்துல எங்க தோண்டினோம்னு தெரியாது. லென் தோண்டின குழியை லென்னாலயே திரும்பக் கண்டுபிடிக்க முடியாது."

"திருட வந்தவன் அவசரத்துல விட்டிருப்பான்."

"திருடன்தான் இன்னும் நல்லா மூடுவான், அம்மணி. காலையில யாரும் பாக்கக் கூடாதில்ல? இது வாய்க்கால் வெட்டற மாதிரி வெட்டியிருக்கு. நீட்டு மம்பட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு கோழியைப் பொதைக்கலாம்."

"உறையில பேரு இல்லையே, அது?"

"அதுவும் எங்க ஆளுங்க இல்ல. நாங்க எது எடுத்தாலும் பையில எடம், தேதி, எத்தனை அங்குல ஆழம்னு எழுதிருவோம். எங்க செக்ரட்டரி பொண்டாட்டிக்குப் பொறந்தநாள் அட்டை வாங்கி, ஓரத்துல ஆறு அங்குலம்னு எழுதிக் கொடுத்தாரு. அப்புறம், மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கறதுன்னா பேப்பர்ல போட்டோ வரணும். ஒரு கையில மோதிரம், ஒரு பக்கம் அழற பொம்பள. அதுக்காகவே உயிரோட இருக்கறவங்க எங்க கிளப்ல நாலு பேரு."

"மெஷினைப் போடு."

பார்னி காதில் மாட்டிக்கொண்டு, வலது கையில் பிடித்த கம்பின் நுனியில் இருந்த வட்டத் தட்டைத் தரையோடு தரையாக வீசினான். ஒன்பதாவது குழியருகே, வெளியே குவித்திருந்த மண்மேட்டில் மெஷின் இனிமையாக ஒரு தடவை கூவியது. அவன் முழங்காலையும் மறந்து குப்புற விழுந்தான். விரலால் மண்ணைக் கிளறினான். எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

சட்டைப் பொத்தான் அளவு வெள்ளி. மெல்லியது. ஒரு பக்கம் நீளச் சிலுவை, மறுபக்கம் சுருட்டை முடி வைத்த ஓர் அரசன் முகம்.

"பென்னி," என்றான், யாரோ தூங்குவது போல மெதுவாக. "எழுநூறு வருஷம். அம்மணி, இவனே தோண்டி வெளிய போட்டிருக்கான். போட்டுட்டு விட்டுட்டுப் போயிருக்கான்! இதுக்காக நான் மூணு குளிர்காலம் நடந்திருக்கேன். எனக்குக் கெடைச்சதெல்லாம் பாட்டில் மூடி!"

"அப்ப அவன் காசு தேடி வரலை," என்றாள் எனிட். "ஒரே ஒரு சாமானைத் தேடி வந்திருக்கான். அது எந்த மூலையில இருக்கும்னும் தெரிஞ்சிருக்கு."

அவள் சொல்லிக்கொண்டே பென்னியைப் பார்க்கப் பக்கத்தில் வந்தாள். மெஷின் கழுத்தை நெரித்த வாத்து போலக் கத்தியது. பார்னி காதைப் பிடித்துக்கொண்டான்.

"தள்ளி நில்லு! உன் ஆலை பூட்ஸு! மூக்குல இரும்பு வச்சது. அதைப் போட்டுக்கிட்டு மெஷின் பக்கத்துல வந்தா காது கிழிஞ்சிரும். எங்க கிளப்ல அந்த பூட்ஸோட வந்தா வாசல்லயே நிறுத்திருவாங்க. மொத தடவை மெஷின் வாங்கின மடையன்தான் அதைப் போட்டுட்டு வந்து, அடிக்கு அடி சத்தம் கேட்டு, அடிக்கு அடி..."

அவன் நிறுத்தினான்.

எனிட் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். முதல் குழி. இரண்டு எட்டு வைத்தாள். இரண்டாவது குழி. இரண்டு எட்டு. மூன்றாவது. எல்லாக் குழியும் அவளுடைய வலது காலுக்குப் பக்கத்தில், ஒரே தூரத்தில், தைத்த மூட்டையில் தையல் விழுந்த மாதிரி வரிசையாக இருந்தன.

"நாப்பது குழி," என்றாள். "நாப்பது தடவை தன் காலையே தோண்டியிருக்கான்."

பார்னி சிரித்த சிரிப்பில் மேல் வயலில் நின்ற ஆடுகள் திரும்பிப் பார்த்தன. "நாப்பத்தொண்ணாவது தடவை மோதிரம் இருந்துச்சு பாரு, அதான் அநியாயம்!"

"மெஷின் புதுசு. மம்பட்டி வாய்க்கால் மம்பட்டி. ஆட்டுக்குக் கால் ஒடிஞ்சிரக் கூடாதுன்னு முன்னாடியே மேல ஓட்டி விட்டிருக்கான். அதுக்குப் பண்ணையோட ஆட்டு நாய் அவன் சொன்னபடி கேக்கணும். செவ்வாய்க்கிழமை லென் பல் டாக்டர்கிட்ட. ஜோன் எங்க?"

"செவ்வாய்க்கிழமை அவங்க டெரெஹாம்ல தங்கச்சி வீட்டுக்குப் போவாங்க. ஊருக்கே தெரியும்." பார்னியின் சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது. "ஐயோ. அம்மணி. வேணாம். அந்த ஆளு என்னை மம்பட்டியாலயே அடிப்பாரு."

"நீ முன்னால போ. எனக்கு மெஷின் சத்தம் ஆகாது."

கிளாபர்ன் வீட்டின் பின்வாசலில் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. சமையலறையில் ஜோன் இஞ்சிக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ரெஜ் காலுறையோடு அடுப்பருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மோதிரம் ஜோனின் விரலில் இல்லை. ஜன்னலோரம் ஒரு முட்டைக் கிண்ணத்தில் கிடந்தது. எனிட் அதையும் பார்த்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் ஜோன்.

"லென்தானே?" என்றான் ரெஜ், டீயைப் பார்த்தபடி.

"பார்னி," என்றாள் எனிட், "அந்த பூட்ஸ்மேல மெஷினைக் காட்டு."

பின்வாசலிலிருந்து வாத்து கத்தியது. பார்னி தலையை நீட்டி, "மூக்குல இரும்பு!" என்று அறிவித்தான்.

"இந்த ஜில்லாவுல பாதிப் பேரு அதைத்தான்யா போடறான்," என்றான் ரெஜ். "மாடு மிதிச்சா நீயா வந்து வெரலை ஒட்டுவே?"

"பாதிப் பேரு போடறான். ஆனா அதோட மெஷினைத் தூக்கறவன் ஒருத்தன்தான்," என்றாள் எனிட். "கிளப்புல யாரும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. கிளப்பைப் பாத்து முப்பது வருஷம் சிரிச்சவன், யார்கிட்டயும் கேக்க முடியாம, தானா கத்துக்கறவன்தான் பண்ணுவான். பார்னி, கொட்டகையில பாரு."

"என் கொட்டகையில என்ன இருக்கு!" ரெஜ் எழுந்தான். காலுறையோடு முற்றத்துச் சேற்றில் ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்து நின்றான். அந்த ஒரு கணம் பார்னிக்குப் போதுமானதாக இருந்தது. ஆட்டுத் தீவன மூட்டைகள் மேல் தட்டை வீசினான். மூன்றாவது மூட்டை கூவியது. மூட்டைக்குப் பின்னால், இன்னும் பிளாஸ்டிக் வாசம் போகாத புத்தம்புது மெட்டல் டிடெக்டர் ஒன்று போர்வைக்குள் படுத்திருந்தது. பார்னி அதைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"மெஷினையே மெஷின் புடிச்சது இதான் மொத தடவை," என்றான். "கிளப் புத்தகத்துல எழுதணும். ஆழம்: ஒரு மூட்டை."

ஜோனின் கத்தி கேக்கில் பாதியில் நின்றது.

"அது ஆட்டுக்கு," என்றான் ரெஜ்.

"ஆட்டுக்கா?" என்றாள் எனிட்.

"காதுல மாட்டற வில்லை... விழுந்துட்டா... தேடறதுக்கு."

"அது பிளாஸ்டிக்குங்க," என்றான் பார்னி பணிவாக.

ரெஜ் உட்கார்ந்தான். அறுபத்தொன்பது வயது, நூற்று எழுபது ஏக்கர், இரண்டு டிராக்டர் எல்லாம் சேர்ந்து ஒரு நாற்காலியில் சுருங்கியது. "பப்புல சொல்லிட்டேன்," என்றான். "பன்னெண்டு பேரு பாத்துக்கிட்டிருந்தானுங்க. வாயில வந்துருச்சு. வந்ததை எப்படி உள்ள தள்றது?"

"லென் தலகாணியை வண்டியில ஏத்திட்டான்," என்றாள் எனிட். "அதை மொதல்ல எறக்கு. நாளைக்கில்ல. இப்ப."

"நில்லுங்க," என்றாள் ஜோன். குரல் ஏறவில்லை. ஆனால் ரெஜ் எழுந்தவன் அப்படியே நின்றான். "எனிட், ஒண்ணு உன்கிட்ட நான் சொல்லலை. எல்லார்கிட்டயும் மோதிரம் கழண்டு விழுந்துச்சுன்னுதான் சொன்னேன். கழண்டு விழலை. கழட்டி வீசினேன்."

பார்னி டிடெக்டரை மெல்லக் கீழே வைத்தான்.

"எண்பத்தெட்டு அக்டோபர். மழை. காலையில அஞ்சு மணியிலேர்ந்து பீட்டுத் தலை வெட்டறேன், வெரலு மரத்துப் போச்சு. இவரு அன்னிக்கித்தான் அறுவடை மெஷினைக் கொண்டு வந்தாரு. விக்க வந்த ஆளு முன்னால, கேட்டுக் கல்லுல சாஞ்சு நின்னுக்கிட்டு சொன்னாரு: 'ஜோனை விட நல்லா வேலை செய்யுது. வாயும் பேசாது.' விக்க வந்தவன் சிரிச்சான். நான் மோதிரத்தைக் கழட்டி அந்த மெஷின்மேல அடிச்சேன். அது பட்டு எகிறி எங்கேயோ போச்சு. அடுத்த வருஷமே பீட்டை நிறுத்திப் புல்லு விட்டாரு. அந்த மூலையில அப்புறம் ஏரு படலை. ஏன்னு இவரும் சொல்லலை, நானும் கேக்கலை."

அதனால்தான் அந்த மூலை. அதனால்தான் அத்தனை வருடமும் அங்கே யாரும் மெஷின் வைக்கக் கூடாது. எடுத்தால் தானே எடுக்க வேண்டுமென்று ரெஜ் கிளாபர்ன் முப்பத்தொரு வருடம் ஒரு புல்வெளியைப் பூட்டி வைத்திருந்தான். பார்னி சிரிக்கலாமா என்று எனிட்டைப் பார்த்தான். கூடாது என்று அவள் முகம் சொன்னது.

ஜோனே சிரித்தாள், ஓரமாக. "வாய் பேசாத மெஷின் தேடினவரு இவரு. இப்ப வாங்கினது அடிக்கு ஒரு தடவை கத்தியிருக்கு."

லென்னிடம் சொல்வது ரெஜ்ஜுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. நேராக அவன் வாசலுக்குப் போனான், தொப்பியைக் கழற்றினான், "தப்பு என் மேலதான், லென். குழி நான் தோண்டினது. பப்புலயும் சொல்லிடறேன்," என்றான்.

லென் வண்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டான். "சரி. நாப்பத்தொரு குழியை யாரு மூடறது? நாளைக்கு ஆடு கீழ எறங்கணும்."

"நான்தான்."

"அதான் கிளப் சட்டம்," என்றான் பார்னி. "தோண்டினவன் மூடணும். தோண்டறப்ப கெடைச்சதுல பாதி நிலத்துக்காரருக்கு. நிலத்துக்காரரே தோண்டினதுனால," அவன் பென்னியை நீட்டினான், வலியோடு, "முழுசும் உங்களுக்கு."

ரெஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கா நீங்க எல்லாம் மழையில நடக்கறீங்க?"

"இதுக்குக்கூட இல்ல. பாட்டில் மூடிக்கு."

"ஞாயித்துக்கிழமை கிளப்பைக் கூட்டிட்டு வா. அந்த மூலை உட்பட. எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் எந்தக் கடையிலன்னு சொல்லு, இரும்பு இல்லாதது."

அதை அவன் ஒரே மூச்சில் சொன்னான். அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்கிறவனுக்கு இன்னொன்று மட்டும் ஏன் வரவில்லை என்று, அடுத்த இரண்டு மணி நேரமும் கேட்டுக் கல்லருகே நின்று பார்த்த யாருக்கும் புரியவில்லை.

ஜோன் கல்லில் சாய்ந்து நின்றாள். முட்டைக் கிண்ணம் அவள் கையில் இருந்தது. ரெஜ் ஒவ்வொரு குழியாக மண்ணைத் தள்ளி, புல் கட்டியை வைத்து, மேலே ஒரு மிதி மிதித்தான். பார்னி ஓரமாக உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டு வழிகாட்டினான். "வேர் பக்கம் கீழ, ரெஜ். புல்லு மேல பாக்கணும். ஆமா, வானத்தைப் பாத்து." முப்பதாவது குழியில் ரெஜ்ஜின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. நாற்பதாவதில் மூச்சு வாங்கியது. நாற்பத்தொன்றாவது, மோதிரம் கிடந்த குழி, கல்லுக்கு மிக அருகில், ஜோனின் காலடியில் இருந்தது. அதை மெதுவாக மூடினான். மெதுவாக மிதித்தான். நிமிர்ந்தான்.

ஜோன் கிண்ணத்தை நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. விரல் வெறுமையாக இருந்தது.

ரெஜ் வாயைத் திறந்தான்.

"மழை வரும் போலிருக்கு," என்றான்.

"வரும்," என்றாள் ஜோன். கிண்ணத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். ரெஜ் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி பின்னால் போனான்.

வேனில் ஏறியதும் பார்னி கேட்டான்: "முடிஞ்சுதா, அம்மணி?"

"லென்னோடது முடிஞ்சுது."

எனிட் சாவியைத் திருகினாள். வண்டி மூன்றாவது தடவைதான் கிளம்பியது. கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. முழங்கால் சொன்னது சரிதான். லென்னுக்கு வீடு திரும்பிவிட்டது, ஜோனுக்கு மோதிரம் திரும்பிவிட்டது, புல்வெளிக்கு நாற்பத்தொரு குழி மண்ணும் திரும்பிவிட்டது. ரெஜ் கிளாபர்ன் தன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மன்னிப்பு ஒன்றுதான் பாக்கி, எண்பத்தெட்டு அக்டோபரிலிருந்து.